எனக்குச் சர்க்கரை கிடையாது

நாற்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து, "யார் செஞ்சது, உண்மையைச் சொல்லு" என்று பிள்ளைகளை மிரட்டியவள் நான். அந்த வாயை ஒரே ஒரு நாள் மூடி வைத்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு மார்லிஸின் மகள் பிரிட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டால்தான் உயிர். இருபத்தாறு வயது ஆனதும், அமெரிக்க விதிப்படி அப்பாவின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். வேலை பார்க்கும் பேக்கரியில் காப்பீடே கிடையாது. மருந்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டு, போன மாதம் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவில் அதே இன்சுலின் பத்தில் ஒரு பங்கு விலை. எங்கள் மினசோட்டாவில் பலரும் அங்கே போய்த்தான் வாங்குகிறார்கள். சட்டப்படி கொண்டுவரக் கூடாதுதான். ஆனால் சொந்த உபயோகத்துக்கு, மூன்று மாத அளவுதான் என்றால், எல்லைப் பாலத்தில் சோதனை செய்பவர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள்.

பிரிட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. மார்லிஸ் கிளம்பினாள். எனக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து வேண்டியிருந்ததால் நானும் காரில் ஏறிக்கொண்டேன். இன்னொரு தடவை வர முடியுமோ முடியாதோ என்று அவள் ஆறு மாதத்துக்கு வாங்கிவிட்டாள்.

"பாதியை உன் பையில வச்சுக்கடி ஆர்லீன். கேட்டா உனக்குன்னு சொல்லிடு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா, பெரிய பொய்! சர்ச் விருந்துல டோலோரஸ் கொண்டுவர்ற உருளைக்கிழங்கை வருஷா வருஷம் நல்லாருக்குன்னு சொல்றியே, அப்படிச் சொல்லு."

சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாலத்தில் ஓர் இளம் அதிகாரி என் பையைத் திறந்தான்.

"எல்லாம் உங்க சொந்த உபயோகத்துக்குத்தானே, மேடம்?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். போலீஸ், பேப்பரில் பெயர், ஊர் வாய், எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து போயின.

"சொட்டு மருந்து மட்டும்தான் என்னுது. மத்தது அவளுது."

அவன் மார்லிஸைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மேடம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்றான்.

தப்பிக்க வழி காட்டுகிறான் என்று புரிந்தது. புரிந்தும், "எனக்குச் சர்க்கரை கிடையாது. அவ பொண்ணுக்கு வாங்கினது. அவ பையிலயும் இருக்கு" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை என்னிடம் யாரும் கேட்கவேயில்லை.

இரண்டு பையிலிருந்த குப்பிகளும் போயின.

"சார், நாலு நாளைக்குத்தான் அவகிட்ட மருந்து இருக்கு" என்று மார்லிஸ் கெஞ்சினாள்.

"புரியுதும்மா. ஆனா இப்ப என் காதுல விழுந்துடுச்சே" என்றான் அவன். அப்புறம் சொட்டு மருந்தை எடுத்து மரியாதையாக என் கையில் கொடுத்தான். "இது உங்களுது, மேடம்."

வீடு வந்ததும் மார்லிஸ் என் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். நாலு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உண்மையைத்தானே சொன்னே? உம்மேல என்ன தப்பு?" என்றார் என் வீட்டுக்காரர். உண்மையாம். பயத்தில் ஒரு பெண்ணின் உயிரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அதற்கு நல்ல பெயர் வேறு. வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் பிரிட் போன் செய்தாள். என் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இன்னும் அதே மரியாதை.

"மிஸஸ் லிண்ட், அந்த ஆளு பையெல்லாம் கொட்டிக் கவுத்துட்டானாமே? உங்களுதுன்னு நீங்க எவ்வளவோ சாதிச்சீங்களாம், அவன் நம்பலையாம். அம்மா சொன்னாங்க. என்னால உங்களுக்கு எவ்வளவு சங்கடம்! மன்னிச்சிடுங்க."

நான் சொல்லியிருக்க வேண்டிய பொய்யை எனக்காக மார்லிஸ் சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

"பரவாயில்லம்மா" என்றேன்.