பதினோரு மணிக்கு ஓடை

பன்னிரண்டு மணி நேரம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கொரு முறை ஓடையில் கருவியை இறக்கி, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து எழுத வேண்டும். சுற்றுச்சூழல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்த அவளுக்கும், தடித்த கண்ணாடி போட்ட தோழி சோடாபுட்டிக்கும் ஓடையின் மேல்பாலம் ஒதுக்கப்பட்டிருந்தது; நீர் ஓடும் திசையில் தள்ளியிருந்த கீழ்ப்பாலம் வேறு இருவருக்கு.

சொந்தக்காரர்களுக்கு அந்தப் படிப்பு இன்னும் பிடிபடவில்லை. வேதியியல், சட்டம், சமூகவியல் எல்லாம் உண்டு என்றால், "அப்போ எதுலயும் முழுசா இல்லன்னு சொல்லு" என்பார் சித்தப்பா. கழிவுநீர் லாரி ஓட்டும் அப்பா மட்டும், "எம் பொண்ணு தவளைக்கு டாக்டர்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார்.

ஆறு மணிக்கு 3.1. வெயில் ஏற ஏற எண்ணும் ஏறியது. பத்து மணிக்கு 6.2. நீர்ப்பாசியின் மேல் குண்டூசித் தலை அளவில் குமிழ்கள் முளைத்து, ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே வந்தன.

"ஏய், ஓடை மூச்சு விடுதுடி!" என்றாள் சோடாபுட்டி.

தேர்வுக்காக உருப்போட்ட பத்து வரிதான் அது. கண்ணெதிரே நடந்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நாளும் இந்தப் பாலத்தை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடந்திருக்கிறாள்.

சோடாபுட்டி குடிக்கத் தண்ணீர் வாங்கப் போன நேரம், மேட்டில் ஒரு லாரி வந்து நின்றது. குழாய் புதருக்குள் நீண்டது. நீர் கறுத்தது. பதினோரு மணிக்குக் கருவி 1.4 காட்டியது. லாரியின் உடைந்த பின்விளக்கில் நீல டேப். போன ஞாயிற்றுக்கிழமை அதை ஒட்டியவள் அவள்தான்.

பன்னிரண்டு மணிக்கு 7.0. பதினோரு மணிக்கு நேராக, 1.4-க்குப் பதில் 6.6 என்று எழுதிவிட்டாள். வரைபடத்தின் வளைவு வழுக்கிக்கொண்டு அழகாக ஏறியது.

மறுநாள்தான் வினை புரிந்தது. அதே பதினோரு மணி வாக்கில் கீழ்ப்பாலத்தில் மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. மேலே நீர் சுத்தம், கீழே விஷம். அப்படியென்றால் குற்றவாளி இரண்டு பாலங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தது ஒரேயொரு சலவைக்கூடம். அறிக்கை நகராட்சிக்குப் போனால் அதற்குப் பூட்டு விழும்.

அன்று மாலை அப்பா அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன கண்ணு, மலை மாதிரி?"

"ஓடையோட மூச்சுப்பா. வெயில் வந்தா பாசி மூச்சு விடும். அதை வாங்கித்தான் மீன் உயிரோட இருக்கும்."

அப்பாவின் விரல் வளைவின் மேல் மெல்ல ஏறியது. பதினோரு மணியில் நின்றது.

"இங்கயுமா ஏறுச்சு?"

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

"மீன் ஏதும் செத்துச்சா?"

"செத்துச்சு. சலவைக்கூடத்து அம்மா மேல பழி."

"சுத்திகரிப்பு நிலையத்துல அரை நாள் வரிசைல நிக்கணும். ஓடுற தண்ணிதானே, இழுத்துட்டுப் போயிடும்னு..." முடிக்காமல் மறுபடியும் அந்தக் கோட்டையே பார்த்தார். "அது மூச்சு விடும்னு இத்தனை வருஷத்துல யாரும் எனக்குச் சொல்லலையே கண்ணு."

வெள்ளிக்கிழமை வகுப்பில் சலவைக்கூடத்து அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"எங்க சோப்புத் தண்ணி தொட்டியில தெளிஞ்சுதான் வெளிய போகும் டீச்சர். வேணும்னா வந்து எட்டிப் பாருங்க. இருபது வருஷமா அந்த மீனுக்குப் பக்கத்துலதான் நானும் பொழைக்கிறேன்."

"புரியுதும்மா. ஆனா எண் பொய் சொல்லாது" என்றார் பேராசிரியை.

மூன்று பருவமாக வகுப்பில் வாய் திறக்காதவள் எழுந்து நின்றாள். சோடாபுட்டி வாயைப் பிளந்தாள்.

"எண் பொய் சொல்லல மேடம். நான்தான் சொன்னேன். பதினோரு மணிக்கு ஒண்ணு புள்ளி நாலு. ஒரு லாரி கழிவைக் கொட்டுச்சு, பார்த்தேன். நம்ம வீட்டு ஆளுங்க பண்ற தப்பை நாம மறைச்சா, அது மறையாது. எந்தப் பாவமும் அறியாத வேற ஒருத்தர் தலையில போய் விழும்."

"யார் லாரி அது?"

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்:

"எங்க அப்பாவோடது."