தெரிந்தவர் விலக வேண்டும்

தைத்த துணிகளை விற்கும் அந்தச் செயலியில் ஒரு நாள் அறிவிப்பு வந்தது. புகார்களை இனி கம்பெனி தீர்க்காதாம்; விற்பவர்களே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கலாம், விதிகளையும் அந்த ஏழு பேரே எழுதலாம். தையற்கடை வைத்திருக்கும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே ஜெயித்துவிட்டேன். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கக்கா இப்ப ஜட்ஜு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முதல் கூட்டத்திலேயே ஒரு விதி சொன்னேன். கடைக்காரர் தெரிந்தவர் என்றால் விலகிவிட வேண்டும். வாக்கும் கிடையாது, பேச்சும் கிடையாது.

"மாமன் மச்சானுக்குக் கை தூக்கறதுக்கா நாம வந்திருக்கோம்?" என்று கேட்டேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு புகார். பெயர்களை மறைத்திருந்தார்கள். குழந்தைகள் கவுன் விற்கும் ஒரு கடை, அடுத்தவருடைய படத்தைத் திருடிப் போட்டிருக்கிறதாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கவுனுக்கு அடியில் மேசை, அதன் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கருப்புத் தழும்பு. என் மேசை! அதே செயலியில் தங்கை நடத்தும் கடைக்காக நான் தைத்து, நானே படமும் எடுத்துக் கொடுத்த கவுன். திருட்டுப் பயல் புகார் கொடுத்தவன்தான். ரசீது எங்கே என்று தங்கையிடம் கேட்டிருந்தார்கள். "எங்கக்கா தைச்சது" என்று மட்டும் எழுதியிருந்தாள். அக்கா தங்கைக்குள் யார் ரசீது போடுகிறார்கள்?

அவள் புருஷனுக்கு வேலை போய் எட்டு மாதம். வீட்டில் அடுப்பெரிவது அந்தக் கடையால்தான். பேசாமல் வாக்களித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் விலகினேன். மற்ற ஆறு பேரும் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். புகார் வந்ததுமே முடக்கிய கடை, பெரும்பான்மை இல்லாமல் திறக்காது.

அன்று மாலையே தங்கை வந்தாள்.

"நான் விலகிட்டேன்டி. தெரிஞ்சவங்க ஓட்டுப் போடக்கூடாது. நான் கொண்டுவந்த ரூலு அது."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஓட்டு வேணாம், சரி. நான்தான் தைச்சேன்னு நீ சாட்சி சொல்றதுக்கு என்னக்கா? அதையும் ஏன் சேர்த்து அடைச்சே?"

அதை நான் யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாளே கூட்டம் போட்டு விதியைத் திருத்தினோம்: வாக்களிக்கக் கூடாது, சாட்சி சொல்லலாம். ஏழு கைகளும் உயர்ந்தன. முடிந்துபோன புகார்களுக்கு இது பொருந்தாது என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். என் பேச்சு எடுபடவில்லை.

தங்கை இப்போது என் கடையில்தான் பொத்தான் தைக்கிறாள். வேலை விஷயம் தவிர என்னிடம் பேசுவதில்லை.