கர்சினாவின் கடையும் வெனிங்கின் சராசரியும்

வெனிங்குக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. மகெலாங் நகர மன்றக் கூடத்தில் அவள் பெயரை இன்னும் கூப்பிடவில்லை. நாட்டின் சில்லறை வணிகத்தைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறவள் அவள். சந்தைத் தெருவில் புதிதாக ஒரு மினிமார்ட்டை அனுமதிக்கலாமா என்று மன்றம் அவளிடம் கருத்துக் கேட்டிருந்தது.

பின்வரிசையில் அந்தத் தெருவின் கடைக்காரப் பெண்கள். நடுவில் கர்சினா. வெனிங் கேட்ட கேள்விக்கெல்லாம் அரிசி அளந்துகொண்டே சலிக்காமல் பதில் சொன்னவள். இப்போது கையசைத்துச் சிரித்தாள். வெனிங் தலையைக் குனிந்துகொண்டாள்.

மினிமார்ட் வந்தால் சின்னக் கடைகள் அழிந்துவிடும் என்று அவள் சொல்வாள் என அவர்கள் எதிர்பார்த்தார்கள்; ஆய்வில் வந்தது வேறு. மினிமார்ட் வந்த தெருவிலும் வராத தெருவிலும் சின்னக் கடைகள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மூடியிருந்தன. பெரும்பாலும் நோய், முதுமை, பிள்ளைகள் ஜகார்த்தாவுக்குப் போய்விட்டது, இவைதான் காரணம். முந்தின நாளே தன் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் ஹர்ஜந்தோவிடம் போய் நின்றிருந்தாள்.

"நான் வராம இருந்துடட்டுமா சார்?"

"நீ வராட்டி, ஆய்வே பண்ணாத ஒருத்தர் வந்து பேசுவாரு. யோசிச்சுக்கோ."

பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, கண்டதைச் சொன்னாள். "இது மொத்தமா பார்த்த சராசரிக் கணக்கு. ஒரு தனிக் கடைக்கு என்ன ஆகும்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது" என்றும் சேர்த்தாள். உறுப்பினர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டார்கள். அனுமதி கிடைத்துவிட்டது.

வாசலில் கர்சினா வழிமறித்தாள். "எங்கிட்ட டீ வாங்கிக் குடிச்சிட்டு அந்த மினிமார்ட்காரனுக்குக் கதவு தொறந்து விட்டுட்டியேடி!"

"பொய் சொல்ல முடியலக்கா."

"பொய் யாரு சொல்லச் சொன்னா? வயித்துவலின்னு வீட்ல கிடந்திருக்கலாம்ல?"

வெனிங்கும் அதைத்தானே நினைத்திருந்தாள்.

அதன்பின் சந்தைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். ஆய்வேட்டைத் திறப்பாள், மூடுவாள். கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். தப்பு இல்லை. தப்பு இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மினிமார்ட் திறந்த சில மாதங்களில் கர்சினா கடையை மூடிவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று, கால் தானாக அங்கே போனது.

மினிமார்ட்டின் வண்டி நிறுத்துமிடத்தில், குடையின் கீழ் எண்ணெய்ச் சட்டி கொதித்தது. கர்சினா வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா, சராசரி! அதான் தெருவுல உனக்கு வெச்ச பேரு."

"கடை..."

"ஈ ஓட்டினேன். மூடிட்டேன். அவன்கிட்ட ஏசி இருக்கு, பஜ்ஜிச் சட்டி இல்லியே! வண்டி நிறுத்துறவன் எல்லாம் இங்கதான் வர்றான்."

"அப்போ பரவாயில்லையாக்கா?"

"என்ன பரவாயில்ல? அங்க உக்காந்து ஆண்டேன். இங்க நின்னே காலு வீங்குது. நாளைக்கே மேனேஜர் போன்னா போகணும்."

வெனிங் தயங்கினாள். "கடை மூடினவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு நான் பார்க்கவே இல்ல. மறுபடி வந்து கேட்கலாமா?"

"கோபம் இன்னும் போகல, தெரிஞ்சுக்கோ. வந்து கேளு. ஆனா இந்தத் தடவ மன்றத்துல நான்தான் பேசுவேன். நீ பக்கத்துல நில்லு."

ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. ஹர்ஜந்தோ தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் கர்சினா பேசினாள். மினிமார்ட் வாசலில் விற்பவர்களைக் காரணமில்லாமல் கிளப்பக் கூடாது என்று மட்டும் எழுதி வாங்க முடிந்தது. மூடிய கடை மூடியதுதான். வெளியே வரும்போது கர்சினா கலகலவென்று பேசிக்கொண்டு வந்தாள். வெனிங்குக்குத்தான் மனசு மூடிய அந்தக் கடையையே சுற்றிக்கொண்டிருந்தது.