குப்பை வண்டிப் பாட்டு

பாதி வரியில் அறுந்துபோகிறது பாட்டு, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்பாக, யாரோ வாயைப் பொத்திவிட்டது போல, பிறகு வண்டியின் உறுமல் மட்டும் வாசலைக் கடக்கிறது, நாலாவது வீட்டுக்குப் போனதும் மறுபடி தொடங்குகிறது, ஈரக் குப்பையாம், உலர் குப்பையாம், தகர டப்பாவைத் தட்டுவது போன்ற தாளம், மூக்கால் பாடும் ஒருத்தி, கேட்டாலே எனக்குக் குமட்டும். தமயந்திக்கு அதுதான் கடிகாரமாக இருந்தது. தெருமுனையில் கேட்டால் எழுவாள், கோயிலருகே வந்தால் குக்கரை இறக்குவாள், சரணம் வரும்போது பக்கெட்டோடு வாசலில் நிற்பாள், கூடவே பாடுவாள், அதே மூக்கால், போதும் நிறுத்து, வாந்தி வருது, என்பேன் போர்வைக்குள்ளிருந்து, வரட்டும், அதையும் பிரிச்சுக் குடுங்க, ஈரக் குப்பை, என்கிறாள், சிரிக்கிறாள், கல்யாணமாகி ஒன்றரை வருடம், காய்ச்சல் மூன்று நாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் இருந்த காலையிலும் வண்டி வந்தது, பாடிக்கொண்டே, அழுகைக்கு மேலே அந்தத் தாளம், பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், வண்டி ஓட்டும் பூங்காவனம் அக்கா பதறி ஸ்விட்சைத் தேடி அணைக்கிறாள், ஐயோ, இந்தப் பொண்ணா, நேத்திக்கு முந்தா நாள் கூட எங்கூடப் பாடிச்சே, என்கிறாள், அதற்குள் என் கால் தாளம் போட்டிருந்தது, நான் பார்த்தேன், அந்தக் காலை வெட்டி எறியலாம் போலிருந்தது. அன்றிலிருந்து துக்க வீட்டு மரியாதை, எங்கள் வாசலில் பாட்டில்லை, எதிர்வீட்டு ருக்குமணி அக்கா டிவி சத்தத்தைக் குறைத்தாள், அலுவலகத்தில் பக்கத்து மேசை குணாளன் என்னைக் கண்டால் பாட்டு முணுமுணுப்பை விழுங்குகிறான், விழுங்குவது தொண்டையில் தெரிகிறது, நான் முதுகைத் திருப்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான்.

பதினாறாம் நாள் முடிந்து மாமியார் வீட்டைக் கழுவிவிட்டுப் போனார். ஃப்ரிட்ஜில் இருந்த மாவை மட்டும் நான் தொடவிடவில்லை. காய்ச்சலோடு அரைத்த மாவு, உப்புப் போட்டுக் கையால் கலக்கினாள், கைச்சூடு பட்டாத்தான் பொங்கும், என்றாள், அந்தச் சூடு நூற்றிரண்டு என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அதன் மேல் கறுப்பும் ரோஜா நிறமும் பூத்திருக்கின்றன, திறக்கும்போதெல்லாம் நாற்றம் முகத்தில் அறைகிறது, கொட்டணும், வண்டி வந்ததே கேக்கலையே, என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், தினமும், பொய். இன்று தண்ணீரிலும் அந்த வாடை. குடித்ததும் ஓடிப்போய்த் துப்பினேன், துப்பத் துப்ப வந்தது, தமயந்தியை நினைத்தேன், மறுபடி குமட்டியது, பெயரை நினைத்தாலே குமட்டுகிறவளாக அவளை நானே ஆக்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு வாரம் போனால் அவள் முகமே இந்த நாற்றத்தோடுதான் வரும்.

பாட்டு அறுந்தது. மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். பூங்காவனம் அக்கா வண்டியை நிறுத்தினாள், குடு தம்பி, நான் கொட்டிக்கிறேன். பாட்டு போடுங்கக்கா, என்றேன். இன்னாது? பாட்டு. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ருக்குமணி அக்கா நிமிர்ந்தாள், ஏய் பூங்காவனம், போடாத, செத்து மாசம் கூட முடியல, அதுக்குள்ள பாட்டு கேக்குதா இந்தப் புள்ளைக்கு. பூங்காவனம் அக்கா என்னையும் டப்பாவையும் பார்த்தாள், மூக்கை மூடவில்லை, அவரு வூட்டு வாசலு, அவரு கேக்குறாரு, ஒனுக்கு இன்னா நோவுது, என்று ஸ்விட்சைத் தட்டினாள்.

டப்பாவைக் கவிழ்த்தேன், மாவு விழவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது, கையை உள்ளே விட்டேன், மணிக்கட்டுவரை, சில்லென்று இருந்தது, வழித்துப் போட்டேன், அடிவரை, அருவருத்தும் நிறுத்தவில்லை. மட்டமான பாட்டு. அறுபடாமல் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது, நாலாவது வீட்டில் யாரோ பக்கெட்டோடு ஓடிவரும் சத்தம் அதில் கலந்தது.