பின்சுவரில் ஒரு துளை

குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் காலையிலிருந்து பழைய ஏசிகளைக் கழற்றி மாட்டிவிட்டு, குத்துக்கல்வலசையில் மாஜிதா அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏணியைத் தூக்கவே எனக்குத் தெம்பில்லை. சாரல் வேறு. இந்தக் குளிரில் யாருக்கய்யா ஏசி என்று எரிச்சலாக வந்தது. வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரங்களுக்குத்தான்" என்றார் அக்கா. "இந்தத் தடவையும் லீவு கிடைக்கலயாம். மூணு வருசமா இதே கததான். ஆள் வரும்னு பாத்தா, அவங்க அனுப்புன ஏசிப் பொட்டிதான் வந்துருக்கு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஏன் கேட்டோம் என்றிருந்தது எனக்கு.

கணவர் இஸ்மாயில் பாய் சவூதியில், தமாமில் ஏசி மெக்கானிக். என் தொழில்தான். வீடியோ காலில் வந்து உட்கார்ந்துகொண்டு எனக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார். காப்பர் பைப்பைப் பக்கவாட்டுச் சுவரோடு வளைத்துக் கொண்டுபோகலாம் என்றேன்.

"வளைக்காத தம்பி. பைப் நீளம் கூடுனா கூலிங் அடிபடும். நேரா பின்சுவத்துல ஓட்டையப் போடு. அவுட்டோர் யூனிட்ட அங்கன வச்சிரலாம்."

"அந்தப் பக்கம் என்ன பாய் இருக்கு?"

மாஜிதா அக்கா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வெறும் மண்ணுதான். நான் நின்னு கெட்டுன வீடு, எனக்குத் தெரியாதா?"

அக்கா வாயை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம், "அவங்க சொல்லுத மாதிரியே போடுங்க" என்றார்.

சுற்றிப்போய் ஒரு எட்டு பார்த்திருக்கலாம். கால் கெஞ்சியது. டிரில்லை வைத்து அழுத்தினேன். செங்கல் தாண்டியதும் சடசடவென்று எதுவோ உடைந்து கொட்டியது. துளை வழியாகப் பார்த்தேன். நீல டைல்ஸ், ஒரு வாளி, குழாய்.

"பாய், இங்கன பாத்ரூம்லா இருக்கு!"

"பாத்ரூமா? எப்ப கெட்டுனது?"

"போன வருசம்." அக்கா போனை வாங்கித் துளைக்கு நேராகப் பிடித்தார். "நீல டைல்ஸ்தான் வேணும்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க."

இஸ்மாயில் பாய் திரைக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். அப்புறம் மெல்லக் கேட்டார். "தெரிஞ்சே ஏன் மாஜிதா ஓட்ட போட விட்ட?"

"வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சுங்க."

துளை போட்ட உழைப்பு வீண். ஆனாலும் அக்காமேல் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கச் சுவரிலேயே போட்டுத்தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் கிங்ஸ்லி. பொட்டி அப்படியே கெடக்கட்டும், ஓட்டையும் கெடக்கட்டும். அவங்களே வந்து அடைக்கட்டும்."