ஆடியில் குடிபோன அறை

ஆடி மாதம் மூன்றாம் நாள் காலையில் கலைமதியின் கைப்பேசி ஒழுகத் தொடங்கியது. அவள் இருக்கும் பாலக்கரையில் மழை இல்லை. முந்தின நாள்தான் அவளும் பாலிடெக்னிக் சிநேகிதர்கள் ஆறு பேரும் பழைய வாட்ஸப் குழுவைக் காலி செய்துவிட்டுப் புதிய செயலி ஒன்றுக்குக் குடிபோயிருந்தார்கள். பழைய இடத்தில் பாடமும் மீமும் ஒரே வரிசையில் வந்து விழும். போதாக்குறைக்கு, யாரோ தவறிச் சேர்த்துவிட்ட அவளுடைய சித்தப்பா சுரேஷ்குமார் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வைப்பார். புதிய இடத்தில் பாடத்துக்கு ஓர் அறை, அரட்டைக்கு ஓர் அறை, வாய்விட்டுப் பேச ஓர் அறை. அந்தப் பேசும் அறைக்குள் நுழைந்தால் மட்டும் ஏழு போன்களிலும் தண்ணீர் சொட்டியது. ஸ்ரீரங்கத்தில் அந்த ஆறு பேரில் ஒருவனான மாதவன் போனுக்கடியில் டவராவை வைத்துக்கொண்டு படித்தான். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

கலைமதிக்குப் பழகாதது வேறொன்று. எட்டாவது ஆளான இளவேனில் வரவில்லை. அவள் மருங்காபுரிக்காரி. கணக்கில் இரண்டு முறை அரியர். ஐப்பசிப் பரீட்சையிலும் போனால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டார்கள். கலைமதி சொல்லிக் கேட்டால்தான் அவளுக்குக் கணக்கு ஏறும். லிங்க் நான்கு முறை போயிற்று, பதில் இல்லை. பழைய குழுவில் அவள் மட்டும் சித்தப்பாவின் ரோஜாக்களோடு உட்கார்ந்திருந்தாள்.

காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் வியாபாரம் பார்க்கும் அம்மா பானுமதி, நனைந்த தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விசாரித்தாள்.

"ஆடியில யாராச்சும் குடி போவாங்களா? பாலாவது காய்ச்சினீங்களா?"

"அது ஆப்பும்மா."

"ரூம் ரூமா இருக்குன்னு நீதானே சொன்னே. அந்தப் புள்ளைய எப்படி அழைச்சே?"

"லிங்க் அனுப்பினேன்."

"வெத்தல பாக்கு வைக்காம கூப்பிட்டா எந்த வீட்டுப் புள்ள வரும்? நேர்ல போயிட்டு வா."

கலைமதி தாம்பாளத்தோடு பஸ் ஏறினாள். இளவேனில் வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலை குனிந்தாள்.

"என் பழைய போன்ல அது ஏறவே மாட்டேங்குதுடி. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆவணி ஒண்ணாந்தேதி காலைல பால் காய்ச்சுறோம். வந்துரு."

ஆவணி பிறந்த அன்று ஏழு வீட்டு அடுப்பிலும் பால் பொங்கியது. ஒழுகல் நின்றது. ஏழு பேரும் பேசும் அறைக்குள் நுழைந்தார்கள். பிறகு, "சர்க்கரை போட்டாச்சா?" என்று இளவேனிலின் குரல் கேட்டது. மாதவன் அறைக்குள் இருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தான். பெயர்கள் ஏழுதான். மருங்காபுரியில் அவள் போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. அவள் கொல்லையில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே பேசினாள். முறையாக அழைத்தோம், வந்திருக்கிறாள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணாவது யூனிட்ட எடு" என்றாள் கலைமதி.

ஐப்பசி வரை தினமும் மாலையில் கணக்கு நடந்தது. இளவேனில் ஐம்பத்தெட்டு எடுத்துத் தேறினாள். சந்தோஷத்தில் அவள் அப்பா புதுப் போன் வாங்கிக் கொடுத்தார். இப்போதாவது அந்த ஆப்பை ஏற்றிக்கொள் என்று மாதவன் லிங்க் அனுப்பினான்.

"எதுக்கு? நான்தான் உள்ள இருக்கேனே" என்றாள் இளவேனில்.

அதுவும் சரிதான் என்று கலைமதி அடுத்த பாடத்தை எடுத்தாள்.