டெல்மர் குத்திய எண்

"துப்பாக்கி அலமாரிச் சாவி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. நானே திறந்துக்கறேன்," என்றான் ராய்ஸ், கதவில் சாய்ந்தபடி.

இமோஜீன் அப்போது கணவனைப் பக்கவாட்டில் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை டெல்மரின் தோளில், இன்னொரு கை இடுப்பில். எலும்பும் தோலுமாகப் போன ஆள்தான், ஆனாலும் கனத்தான். அடியில் நனைந்த விரிப்பை உருவ வேண்டும். கொழுந்தன் மரம் மாதிரி நிற்கிறானே, ஒரு கை பிடிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

"உங்க அண்ணனுக்கு இன்னும் மூச்சு இருக்கு ராய்ஸ். கண்ணு தெரியலையா?"

"அதுக்குத்தான் சொல்றேன். சாவு வீடுன்னா ஊரே உள்ள வரும். எவன் எதைத் தூக்கிட்டுப் போவான்னு யாருக்குத் தெரியும்? என் வீட்டுல இருந்தா பத்திரமா இருக்கும்."

"அது உன் வீட்டுல இருந்தா நீ ஜெயில்ல இருப்ப. பதிவு உன் பேர்ல இல்ல."

"ஓ, சட்டம் பேசறியா?" என்று சிரித்தான். "உயில்ல எனக்குன்னுதான் எழுதியிருக்கான். இன்னிக்கு எடுத்தா என்ன, ஆறு மாசம் கழிச்சு எடுத்தா என்ன?"

"முதல்ல அவன் சாகணும். அப்புறம் அரசாங்கம் உன் பேருக்கு மாத்தி அனுப்பணும். அதுவரைக்கும் அந்த அலமாரிகிட்ட வந்தேன்னா நானே போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுவடி நீ. உன்னைத் தெரியாதா," என்றான் ராய்ஸ். பூட்ஸ் சத்தம் வாசல் வரை போனது. பின்பக்கம் கோடரிச் சத்தம் கேட்டது. யாரும் கேட்காமலே விறகு பிளக்கத் தொடங்கிவிட்டான்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய துப்பாக்கி அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர்கள் அவசரத்துக்கு அடித்துத் தள்ளிய வகை. குழாய் மாதிரி உடம்பு. விசையை அழுத்தினால் விடும்வரை சுடும். கெண்டக்கி மலையில் வேட்டைத் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. ஆனால் இப்படித் தொடர்ந்து சுடுகிற ஒன்றை, அதுவும் அரசாங்கப் பதிவோடு வைத்திருக்கிறவனை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராய்ஸ் தன் லாரியை விற்றான். டெல்மர், வீட்டுக்குள் குளியலறை கட்டுவதற்கென்று சேர்த்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அதனால் இமோஜீன் அதற்கப்புறமும் பல குளிர்காலம் பனியில் கொல்லைக்கு நடந்தாள். அதை அவள் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. பதிவை ஒரே பெயரில் போட்டார்கள். அண்ணன் பெயர் போதும் என்று ராய்ஸ்தான் சொன்னான்.

"போயிட்டானா?"

டெல்மரின் குரல். இரண்டு நாளாகப் பேசாதவன் கண்ணைத் திறந்திருந்தான்.

"விறகு பிளக்கறான். என்ன வேணும் உனக்கு?"

"அதை அவனுக்குக் குடுக்காத."

இமோஜீனுக்குக் காதை நம்ப முடியவில்லை. "நீதானே உயில்ல எழுதின?"

"எழுதாம விட்டா ஏன்னு கேப்பான்." மூச்சு வாங்கினான். "அது வேற துப்பாக்கி, இமோ. அந்த உடம்புக் குழாயை நான் செஞ்சேன். நம்பரை நான் குத்தினேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் விட்டு விட்டுச் சொன்னான். வாங்கிப் பல வருஷம் கழித்து ஒரு அக்டோபரில் கல்குவாரியில் எல்லோரும் கூடிச் சுட்டபோது, ராய்ஸ் தன் கையாலேயே வெடிமருந்து அடைத்த தோட்டாக்களைக் கொண்டுவந்தான். மருந்து கூடிப்போயிருக்கிறது. ஒன்று உள்ளேயே வெடித்தது. தோட்டா சிக்கிக்கொண்டது என்று சொல்லி டெல்மர் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் குழாய் நீளத்துக்கு விரிசல்.

"சொல்லியிருக்கலாமே அவன்கிட்ட."

"தாங்கமாட்டான். லாரியை வித்தவன். அவன் கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா..."

லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். ராய்ஸ் எங்கே, ஏன் என்று கேட்பான். டெல்மர் சுரங்கக் கம்பெனியின் லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். உடைந்த பாகத்தை அளந்து, புதிதாகக் கடைந்து, பழையதைத் தூக்கிப் போடுவது அவனுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. ஒரு வாரத்தில் புதுக் குழாய் செய்து, பழைய எண்ணையே அதில் குத்திவிட்டான். பழையதைத் துண்டு துண்டாக அறுத்துக் குவாரிக் குளத்தில் எறிந்தான். அடுத்த முறை துப்பாக்கி நன்றாகவே சுட்டது. சட்டத்தைப் பற்றி ஒருவன் பேசக் கேட்டு, தான் செய்தது என்ன என்று அவனுக்குப் புரிந்தபோது காலம் கடந்துபோயிருந்தது.

"சின்னவன்கிட்ட சொல்லிடாத," என்றான் டெல்மர். தம்பியை அவன் அப்படித்தான் சொல்வான். "சத்தியமா சொல்லாத." கண்ணை மூடிக்கொண்டான்.

மதியத்துக்கு மேல் மூச்சு நின்றது. கோடரிச் சத்தமும் சற்று நேரத்தில் நின்றது. இமோஜீன் வெளியே போய்ச் சொல்லவில்லை. அவனாகத்தான் உள்ளே வந்து பார்த்தான். கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு ஒரு பெரிய கிழவன் கேவிக் கேவி அழுததைப் பார்த்தும் அவள் மனம் இளகவில்லை. இவனுக்காகவா, இவனுக்காகவா என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வக்கீல் ரென்ஃப்ரோவுக்குப் போன் செய்தாள். உயில் எழுதிக் கொடுத்த பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வக்கீல் விளக்கினாள்.

"மேடம், சட்டத்துக்குத் துப்பாக்கின்னா அந்தக் குழாய் மட்டும்தான். மத்ததெல்லாம் உதிரி. விரிசல் விட்ட குழாயையே ஒட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. புதுசு செஞ்சா அது புதுத் துப்பாக்கி. எண்பத்தாறாம் வருஷத்துக்கு அப்புறம் தனி ஆளு செஞ்ச இந்த வகைத் துப்பாக்கியைப் பதிவே பண்ண முடியாது. பழைய நம்பரைக் குத்தினது அதுக்கு மேல ஒரு குத்தம்."

"செத்தவனை என்ன பண்ணுவாங்க?"

"அவரை ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப அது யார் கையில இருக்கு? உங்க கையில. உயிலை நிறைவேத்தற பொறுப்பும் உங்களுதுதான். தெரிஞ்சே வெச்சிருந்தா பத்து வருஷம் வரைக்கும் போடலாம். உங்க கொழுந்தன் கையில குடுத்தா அவருக்கும் சேர்த்து."

"அப்ப குளத்துலயே போட்டுடறேன்."

"அந்தப் பேச்சை நான் கேக்கல," என்றாள் வக்கீல். "பதிவு உயிரோட இருக்கு, பொருளைக் காணோம்னா தேடி வருவாங்க. நான் பேசறேன். நாமளா ஒப்படைச்சா உங்க மேல எதுவும் வராம பாத்துக்கலாம். பொருளை மாத்தினது பத்தி வெளிய யாருக்கும் நாம சொல்ல வேண்டியதில்ல."

அடக்கத்தன்று காலையில், ஊர் எழுவதற்கு முன்னால், வக்கீலோடு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவன் எண்ணைப் பார்த்தான். "நல்ல வேலைக்காரர்," என்றான். மரியாதைக்குத்தான் சொன்னான். இமோஜீனுக்கு அவனை அறையவேண்டும்போல் இருந்தது. போர்வையில் சுற்றிக் காரின் பின்பக்கம் வைத்தார்கள். உருக்கிவிடுவார்களாம்.

கல்லறை மேட்டில் முந்தின நாள் பெய்த மழையில் மண் சதசதவென்று கிடந்தது. போதகர் நீளமாக ஜெபித்தார். பெட்டியை இறக்கினார்கள். அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி வைத்திருந்தவன் செத்தால் அவன் துப்பாக்கியை நெருங்கிய ஆண் ஒருவன் எடுத்து முதலில் சுட வேண்டும். அப்புறம் மற்றவர்கள் அவரவர் கொண்டுவந்ததைச் சுடுவார்கள். சட்டப்படி பதிவுக்காரனோ, உயில் பொறுப்பில் இருப்பவரோ பக்கத்தில் நின்றால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் எல்லோரும் இமோஜீனைப் பார்த்தார்கள்.

ராய்ஸ் முன்னால் வந்தான். கையில் ஒரு துணிப்பை. "நானே அடைச்சது. ரெண்டு நாளா உக்காந்து அவனுக்காகவே அடைச்சேன்," என்றான். பையில் தோட்டாக்கள். "எங்க அது? வண்டியிலயா?"

"இல்ல."

"வீட்டுலயா? ஆளை அனுப்பறேன், சாவியைக் குடு."

"அதைக் குடுத்துட்டேன் ராய்ஸ். அரசாங்கத்துக்கிட்ட."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ராய்ஸுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"என்ன சொன்ன?"

"காலையில வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. உருக்கிடுவாங்க."

"அது என்னுது. உயில்ல என் பேர் இருக்கு. நீ யாருடி அதைக் குடுக்க?"

"என் வீட்டுல அது இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். நாப்பது வருஷமா நினைச்சேன். இப்பத்தான் வேளை வந்துச்சு."

அதில் பாதி உண்மை. அதனால் வாய் குழறாமல் வந்தது. அந்த ஊரில் ஒருத்தி புருஷனை விஷம் வைத்துக் கொன்றாள் என்றால்கூட அதற்கொரு காரணம் இருக்கும் என்பார்கள். செத்தவனின் துப்பாக்கியை அரசாங்கத்துக்குத் தூக்கிக் கொடுத்தவளுக்கு மன்னிப்பே கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்தவள்தானே.

"குழியில கிடக்கறானே, அவன் இதைப் பாத்தா என்ன பண்ணுவான் தெரியுமா?" என்றான் ராய்ஸ்.

"தெரியும்," என்றாள் இமோஜீன்.

ஒருவர் மண்ணில் துப்பினார். இன்னொருவர் கொண்டுவந்த துப்பாக்கியை உறைக்குள் திரும்ப வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். அன்று மேட்டில் ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லை. டெல்மருக்கு அது நியாயமில்லை என்று அவளுக்கு அழுகை முட்டியது. எல்லோருக்கும் எதிரில் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, வழுக்குகிற சரிவில் புதரைப் பிடித்துப் பிடித்துத் தனியாக இறங்கினாள்.

அவள் வீடு வந்து சேருமுன்பே பெண்கள் வண்டியில் வந்து சமையலறையில் இருந்தார்கள். சாவு வீட்டுக்கென்று அவரவர் கொண்டுவந்து வைத்த பன்றித்தொடை, பீன்ஸ், சோள ரொட்டி, ஆப்பிள் வைத்துச் சுட்ட பை. பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, கழுவி வைத்து, ஒரு வாரம் கழித்து வந்து வாங்கிப்போவதுதான் முறை. அவர்கள் இன்றைக்கே, மூடியைக்கூடத் திறக்காமல், அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டுலயும் ஆளுங்க பசியா இருக்காங்க," என்றாள் ஒருத்தி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எடுத்துக்கோ. உன் பாத்திரம்தானே," என்றாள் இமோஜீன்.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. மேஜையில் ஒரே ஒரு சட்டி மிச்சமிருந்தது. ராய்ஸின் மனைவி நெல்டா வைத்த கோழிக் குழம்பு. நெல்டா காரைவிட்டு இறங்கவில்லை. ராய்ஸ்தான் உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

சட்டியின் மேல் கையை வைத்தான். ஆனால் தூக்கவில்லை.

"அந்தக் குவாரியில ஒரு தடவ சிக்கிக்கிச்சு," என்றான், யாரிடமோ சொல்வது மாதிரி. "அன்னிக்குப் பொட்டியை மூடினவன், அதுக்கப்புறம் என் தோட்டாவை அதுல போட விடவே இல்ல. கடையில வாங்கினதுதான் போடுவான். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுட்டான். அந்த நாள்லேருந்து என்னைச் சின்னப் பையன் மாதிரிதான் நடத்தினான். ஒரு வார்த்தை சொல்லல. சொல்லித் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல."

இமோஜீன் சுவரில் சாய்ந்து நின்றாள். கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அவளுக்காக டெல்மர் ஒரு பொய் சொன்னதில்லை. ஒரு சின்னச் சட்டத்தை மீறியதில்லை. குளியலறைக்குச் சேர்த்ததை எடுத்தபோதுகூட முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் எடுத்தான். இந்தத் தடியனுக்காக ராத்திரி ராத்திரியாக லேத்தில் நின்றிருக்கிறான். எண்ணைக் குத்தியிருக்கிறான். குளத்தில் போய் எறிந்திருக்கிறான். இத்தனை வருஷம் அந்தப் பயத்தைத் தனியாக மென்று விழுங்கியிருக்கிறான். அவளுக்குப் பொறாமையில் நெஞ்சு எரிந்தது. அது பொறாமைதான், அதற்கு வேறு பெயர் இல்லை.

ராய்ஸ் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"நீ என்ன பண்ணினயோ அதுக்கு நீ பதில் சொல்லிக்கோ. உன்னை நான் மன்னிக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். நான் பின்னாடி விறகு பிளந்துட்டிருந்தப்ப முழிச்சானா? என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

டெல்மர் சத்தியம் கேட்டது துப்பாக்கியைப் பற்றி மட்டும்தான். சின்னவன் என்று சொன்னான், உன்னை நினைத்துக்கொண்டுதான் போனான் என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. அதைச் சொன்னால் இந்த ஆள் இந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுவான். அப்புறம் சாகிறவரை அதைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பான்.

"முழிச்சான்," என்றாள் இமோஜீன். "தண்ணி கேட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ராய்ஸ் தலையை ஆட்டினான். சட்டியை இரண்டு கையாலும் தூக்கினான். குழம்பு விளிம்புவரை இருந்தது. கதவுவரை மெதுவாக நடந்து போனவனுக்கு அதைத் திறக்கக் கை இல்லை. இமோஜீன் போய்க் கதவைத் திறந்தாள். அவன் படியில் ஒவ்வொரு காலாக வைத்து, சிந்தாமல் இறங்கி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.